சர்டிபிகேட் கட்டு கட்டா இருக்கு, கல்யாண்ஜியை எங்க தேட?

லைப்ரரியன்மார் வாட்ஸ்ஆப் குரூப்ல இருக்கறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, வாரம் தவறாம ஏதாவது ஒரு ஃபிளையர் வந்து விழும், ஒரு நாள் ஆன்லைன் ஒர்க் ஷாப், ஒரு வார எஃப்டிபி (ஆசிரியர் திறன் வளர்ப்புப் பயிற்சி), "மாடர்ன் ட்ரெண்ட்ஸ் இன் கேட்டலாகிங்" (புஸ்தகப் பட்டியல் போடற வேலை), மேல லோகோ, கீழ சீஃப் பேட்ரன், பேட்ரன், கன்வீனர்னு போட்டோ வரிசை, ஓரத்துல "இ-சர்டிபிகேட் வழங்கப்படும்". 2020 லாக்டவுன்ல ஆரம்பிச்ச பழக்கம், கொரோனா போயிருச்சு, இது போகல. கூகுள் மீட்ல சேந்துட்டு மைக்கையும் கேமராவையும் அணைச்சிட்டு நம்ம சோலியப் பாத்துட்டு கடைசியில ஃபீட்பேக் ஃபார்ம் லிங்க் எப்ப போடுவாவன்னு மட்டும் ஒரு கண்ணு வச்சிருக்கறது, இதுல யாரையும் குத்தம் சொல்லல, புரமோஷனுக்கு பேப்பர் வேணும்ல.

என் கேள்வி வேற. இத்தனை ட்ரெயினிங்குக்கு அப்புறம் பாளையங்கோட்டையில இருக்கற ஒரு காலேஜ் லைப்ரரியில தமிழ் டிபார்ட்மென்ட் பிள்ள வந்து ஓபேக்ல (புஸ்தகம் தேடற கம்ப்யூட்டர் பட்டியல்) "கல்யாண்ஜி"ன்னு அடிச்சா என்ன வருது?

எங்க இடத்துல வந்தது இதுதான். "கல்யாண்ஜி"ன்னு ஒரு தலைப்பு. "கல்யாண்ஜி."ன்னு பின்னால புள்ளி வச்சு இன்னொண்ணு. "கல்யாண்ஜி (வண்ணதாசன்)"னு மூணாவது. "கல்யாணசுந்தரம், சி."ன்னு யாரோ ரொம்ப நுணுக்கமா பாத்து போட்ட நாலாவது. கதைப் புஸ்தகம் எல்லாம் வண்ணதாசன் பேர்ல தனியா கிடக்கு, அங்க இருந்து இங்க வர ஒரு வழியும் இல்ல. சாகித்ய அகாதமி 2016ல கொடுத்தது வண்ணதாசனுக்கு, கவிதை எழுதறது கல்யாண்ஜி, ரெண்டும் ஒரே ஆளு, நம்ம ஊர்க்காரரு, விமர்சகர் தி.க.சி. மகன், இது தின்னவேலியில டீக்கடையில நிக்கறவனுக்குக் கூட தெரியும், லைப்ரரி கம்ப்யூட்டருக்குத்தான் தெரியல.

இத்தனைக்கும் இதுக்கு விதி இல்லையான்னா, இருக்கு. இப்ப உள்ள பட்டியல் விதித்தொகுப்பு ஆர்டிஏலயும் இருக்கு, அதுக்கு முந்தின ஏஏசிஆர்2லயும் இருந்தது. ஒருத்தர் ரெண்டு பேர்ல எழுதுறாரு, ரெண்டையும் தனித்தனி அடையாளமாத்தான் வச்சிருக்காருன்னா ரெண்டுக்கும் தனித்தனி தலைப்பு கொடு, அதாரிட்டி ரெக்கார்டுல (ஒரு ஆளோட பேரையெல்லாம் கட்டி வைக்கற பதிவு) 500ஐ வச்சு (மார்க்ங்கற பதிவு வடிவத்துல ஒவ்வொரு விவரத்துக்கும் இப்படி ஒரு ஃபீல்டு எண் உண்டு) ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு "இதையும் பார்"னு ஒரு பாலம் போடு. கேட்டலாகிங் கிளாஸ்ல இதுக்கு எப்பவும் ஒரு இங்கிலீஷ்காரன் பேரத்தான் உதாரணம் காட்டுவாவ. நாமளும் அதை மனப்பாடம் பண்ணி பரீட்சையில எழுதிட்டு வந்துருவோம். பக்கத்துத் தெருவுல உதாரணம் இருக்கும்போது அந்த வெள்ளைக்காரனை வச்சு என்ன செய்ய.

புதுமைப்பித்தன் கேஸ் இதவிட லேசு. சொ. விருத்தாசலம்ங்கற பேரு மாற்றுப் பேருக்கான 400ல போயிரும், ஊரறிஞ்ச பேரு தலைப்புக்கான 100, 1906-1948ன்னு பக்கத்துல வருஷம், முடிஞ்சது. வல்லிக்கண்ணனும் அப்படித்தான், ரா.சு. கிருஷ்ணசாமின்னு தேடி வரவன் யாரு, இருந்தாலும் 400ல போட்டு வச்சிரணும். டி.கே.சி.யிலதான் சிக்கல். அட்டையில ஒரு தடவ டி.கே.சி., ஒரு தடவ ரசிகமணி டி.கே.சி., ஒரு தடவ டி.கே. சிதம்பரநாத முதலியார். "எது பரவலா தெரிஞ்ச பேரோ அதை எடு"ன்னு விதி சொல்லுது, குற்றாலத்துக்காரங்க கிட்ட கேட்டா டி.கே.சி.ம்பாங்க, யுனிவர்சிட்டி சிலபஸ்ல முழுப்பேரு இருக்கும். எதையாவது ஒண்ணை முடிவு பண்ணி மத்ததையெல்லாம் அதுக்குள்ள கட்டி வைக்கறதுதான் வேலை, எதை எடுத்தோம்ங்கறது ரெண்டாம்பட்சம். கால்டுவெல், கால்ட்வெல், கால்டுவெல் ஐயர்னு இடையன்குடிக்காரர் ஒருத்தரே மூணு ஆளா நிக்காரு எங்க லிஸ்ட்ல, அவரு என்ன பாவம் பண்ணாரு.

இனிஷியல் விஷயம் ஏஏசிஆர்2 காலத்துலயே பேசி முடிச்சதுதான், தமிழ்ப் பேர்ல குடும்பப் பேருன்னு ஒண்ணு இல்லாட்டி ஆளோட பேர்லதான் தலைப்பு ஆரம்பிக்கணும், முன்னால நிக்கற ஊர்ப்பேரு அப்பா பேரு எல்லாம் பின்னால போகணும். அதுக்கும் முந்தியே, 1934ல, நம்ம நூலகத் துறை முன்னோடி, சீர்காழிக்காரர் ரங்கநாதன் தன்னோட கேட்டலாக் கோடுல இந்தியப் பேர்களை என்ன செய்யறதுன்னு மண்டையப் போட்டு உடைச்சிருக்காரு. ஆகஸ்ட் 12 வந்தா அவரு படத்துக்கு மாலை போட்டு கேசரி கொடுக்கோம், அந்தப் பக்கங்களை மட்டும் எந்த ஒர்க் ஷாப்லயும் எவரும் திறந்து காட்டி நான் பாத்ததில்ல.

சரி, ஸ்டாண்டர்டு மாறினதையும் சொல்லிருதேன், குரூப்ல புதுசா வந்த பிள்ளைங்க கேட்டுட்டே இருக்காங்க. ஏஏசிஆர்2 வந்தது 1978. ஆர்டிஏ 2010ல வந்தது, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் அதுக்கு முழுசா மாறினது 2013 மார்ச் 31. அப்புறம் 2017ல சர்வதேச நூலகச் சங்கமான இஃப்லா எல்ஆர்எம்னு ஒரு புது மாடல் கொண்டு வந்துச்சு, அதுக்கு ஏத்த மாதிரி ஆர்டிஏ டூல்கிட்டையே (விதிகள் இருக்கற இணையதளம்) தலைகீழா மாத்தி எழுதி 2020 டிசம்பர் 15ல இதுதான் இனிமே அதிகாரப்பூர்வம்னு அறிவிச்சாங்க. பழசுல ஒண்ணு, ரெண்டுன்னு விதி எண் இருக்கும், படிச்சுட்டே போகலாம், புதுசுல அதெல்லாம் கிடையாது, ஒவ்வொரு எலிமென்ட்டுக்கும் ஒரு பக்கம், அதுல ஆப்ஷன் ஆப்ஷனா கிடக்கும், எந்த ஆப்ஷனை எடுக்கன்னு உங்க ஊரு லைப்ரரிகள் கூடிப் பேசி முடிவு பண்ணிக்கணும். இன்னொண்ணு, ஏஏசிஆர்2 ஒரு தடவ காசு கொடுத்து வாங்கினா காலத்துக்கும் அலமாரியில இருக்கும், ஆர்டிஏ டூல்கிட் வருஷா வருஷம் சந்தா. எங்க மேனேஜ்மென்ட் கிட்ட விதி படிக்க சந்தா வேணும்னு லெட்டர் கொடுத்தா என்னைய ஒரு மாதிரி பாப்பாங்க.

ஆனா அன்றாட வேலையில நமக்கு உண்மையில மாறினது கொஞ்சம்தான். பதிப்பக விவரத்துக்கு 260 போயி 264 வந்துச்சு. உள்ளடக்கம், ஊடகம், வடிவம் சொல்ல 336, 337, 338ன்னு மூணு ஃபீல்டு கூடிச்சு, அச்சுப் புஸ்தகத்துக்கு மூணுலயும் எப்பவும் ஒரே விடைதான், கோஹாங்கற லைப்ரரி சாஃப்ட்வேர்ல ஃப்ரேம்வொர்க்ல டிஃபால்ட்டா போட்டு வச்சுட்டா அது பாட்டுக்கு வந்துட்டுப் போகுது. "ப."ன்னு சுருக்காம "பக்கங்கள்"னு முழுசா எழுதணும். மூணு பேருக்கு மேல ஆசிரியர் இருந்தா முதல் ஆளை மட்டும் எழுதிட்டு "மற்றும் பலர்"னு முடிக்கற பழைய விதி போச்சு, எல்லாரையும் எழுதலாம். இந்தக் கடைசி விதி வந்ததுல எங்க காலேஜ் பேராசிரியர்களுக்கு ரொம்ப சந்தோஷம், கருத்தரங்கக் கோவைக்கு ஹெச்ஓடியில இருந்து ஆரம்பிச்சு டிபார்ட்மென்டே பதிப்பாசிரியரா இருக்கும், முந்தியெல்லாம் அஞ்சாவது ஆள் வந்து "என் பேரு ஓபேக்ல வரலியே"ன்னு நிப்பாரு.

ஆர்டிஏல எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு, கண்ணால பாக்கறதை அப்படியே எழுதுங்கற கொள்கை. ஏஏசிஆர்2ல பதிப்பகத்தோட பேரை புரியற அளவுக்கு எவ்வளவு சுருக்க முடியுமோ சுருக்கணும். நம்ம ஊர்ல 1920ல ஆரம்பிச்ச கழகத்தை எடுத்துக்கோங்க, தலைப்புப் பக்கத்துல "திருநெல்வேலித் தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகம், லிமிடெட்"னு நீளமா இருக்கும். எங்க பழைய கார்டுகள்ல அது "கழகம்", "சை.சி.க.", "சைவ சித்தாந்த கழகம்", "எஸ்ஐஎஸ்எஸ்"னு ஆளுக்கொரு விதமா சுருங்கிக் கிடக்கு. சுருக்குன்னா எப்படிச் சுருக்கன்னு யாரும் பேசி வச்சுக்கலல்ல. கார்டைப் பாத்து கம்ப்யூட்டர்ல ஏத்தினவங்க அதை அப்படியே ஏத்திட்டாங்க, இப்ப கழக வெளியீடு எத்தனை நம்ம கிட்ட இருக்குன்னு ஒரு எண்ணிக்கை எடுக்க முடியாது. பேருக்குள்ளயே திருநெல்வேலி இருக்கறதால ஊருக்கும் திருநெல்வேலின்னே போட்டவங்க உண்டு, அதே பக்கத்துல கீழ சென்னைன்னு அச்சடிச்சிருந்தாலும். பாத்ததை எழுதுன்னு விதி இருந்தா இந்த வம்பே கிடையாது.

இப்ப யூனிகோடுக்கு, அதாவது கம்ப்யூட்டருக்குள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் இருக்கற கோடுக்கு வருவோம், இதைத்தான் எந்த ஃபிளையர்லயும் காணோம், ஆனா தமிழ்ப் புஸ்தகம் கேட்டலாக் பண்றவனுக்கு முதல் பாடம் இதுவாத்தான் இருக்கணும். இந்த வரியை பாருங்க: ஸ்ரீவைகுண்டம், ஶ்ரீவைகுண்டம். ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான தெரியுது. முதல்ல இருக்கறது "ஸ"ல ஆரம்பிக்குது, அடுத்தது "ஶ"ல ஆரம்பிக்குது, அந்த "ஶ" யூனிகோடுல 2005லதான் சேந்துச்சு, அதுக்கு முந்தி எல்லாரும் "ஸ"வை வச்சுத்தான் ஸ்ரீ போட்டாங்க, இப்ப சில கீபோர்டு இதைக் கொடுக்குது சில கீபோர்டு அதைக் கொடுக்குது, திரையில எழுத்து ஒண்ணு, உள்ள கோடு வேற. ஒண்ணை அடிச்சுத் தேடினா மத்ததுல ஏத்தின புஸ்தகம் வராது. தாமிரபரணிக் கரையில இருக்கற லைப்ரரிக்கு ஸ்ரீவைகுண்டம் எவ்வளவு முக்கியமான ஊர்ப்பேருன்னு சொல்லணுமா.

அடுத்தது "சௌந்தரம்". சரியா அடிச்சா ச-வுக்கு ஔகாரக் குறி. நிறைய பேரு ஒற்றைக்கொம்பு போட்டு பின்னால "ள" எழுத்தை அடிச்சிருவாங்க, "செளந்தரம்", கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கம்ப்யூட்டர் அதை "செ, ள"ன்னு படிக்கும். "கொ", "கோ"வுக்கு கொம்பையும் காலையும் தனித்தனியா அடிச்சாக் கூட பரவாயில்ல, நார்மலைஸ் பண்ணும்போது அது ஒண்ணா சேந்துரும், இந்த "ள" மட்டும் சேராது ஏன்னா அது வேற எழுத்து. இதெல்லாம் போக, யூனிகோடு இல்லாத பாமினி ஃபான்ட்ல ஏத்தின பழைய டேட்டாவை அப்படியே இம்போர்ட் பண்ணி வச்சிருக்கற லைப்ரரியும் இருக்கு, அங்க ஓபேக்கைத் திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் அடைப்புக்குறியும் செமிகோலனும் கலந்து மந்திரம் எழுதின மாதிரி இருக்கும்.

இன்னொரு வேலை கோஹாவுல தேடலைப் பாத்துக்கற ஜீப்ரா இன்டெக்ஸை சிஎச்ஆர்ங்கற எழுத்து முறையில இருந்து ஐசியுங்கற முறைக்கு மாத்தறது. தமிழ் மாதிரி எழுத்துகளுக்கு ஐசியுதான் ஒழுங்கா வேலை பாக்கும். மாத்திட்டு மொத்தமா ரீஇன்டெக்ஸ் கொடுக்கணும், அவ்வளவுதான். கோஹா ஒர்க் ஷாப்ல ஏன் இதைச் சொல்லித் தரதில்லன்னா, மூணு நாள் ஒர்க் ஷாப்புன்னா அதுல பெரும்பகுதி உபுண்டு இன்ஸ்டால் பண்ணவே போயிருது, யாராவது ஒருத்தர் லேப்டாப்ல வைஃபை எடுக்காது, எல்லாரும் அவருக்காகக் காத்திருப்போம், கேட்டலாகிங் மாட்யூல் வரும்போது கடைசி நாள் சாயங்காலம், ஊருக்குப் பஸ் பிடிக்கணும்னு பாதிப் பேரு எந்திரிச்சிருப்பாங்க. கோஹாவுல வருஷத்துக்கு ரெண்டு தடவ, மே மாசமும் நவம்பர் மாசமும் புது வெர்ஷன் வருது, 24.05, 24.11ன்னு நம்பர்லயே வருஷமும் மாசமும் இருக்கும். வெர்ஷன் வந்த அன்னைக்கே ஏத்தணும்னு குதிக்கறவங்களைப் பாத்தா எனக்கு பயமா இருக்கும், ரெண்டு மூணு மாசம் விட்டு அதுக்கு வர சின்னச் சின்ன திருத்தமெல்லாம் வந்தப்புறம், பேக்கப் எடுத்துட்டு, செமஸ்டர் லீவுல பைய ஏத்தினா போதும்.

வேற லைப்ரரி பதிவைத் தேடி இழுக்கற இசட் 39.50ங்கற வசதியில லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்ல இருந்து ரெக்கார்டை இழுத்துக்கலாம்ங்கறது எல்லா ட்ரெயினிங்லயும் கைதட்டு வாங்கற ஐட்டம். அவங்களுக்கு டெல்லியில ஆபீஸ் இருக்கு, தமிழ்ப் புஸ்தகம் வாங்கி கேட்டலாக் பண்ணுதாங்க, அதனால நம்ம புஸ்தகமும் அங்க கிடைக்கும், நல்ல ரெக்கார்டாவும் இருக்கும். ஆனா 245ல தலைப்பு ரோமன் எழுத்துல இருக்கும், அதுவும் நாம வாட்ஸ்ஆப்ல அடிக்கற மாதிரி கிடையாது, த-வுக்கு எப்பவும் டி (T) எழுத்து, க-வுக்கு எப்பவும் கே, ழ, ற, ன எல்லாத்துக்கும் அடியில ஒரு கோடு. நம்ம பிள்ளைங்க "புதுமை"ன்னு இங்கிலீஷ்ல அடிச்சா நடுவுல டி எழுத்து போட மாட்டாங்க, டிஹெச் போடுவாங்க இல்லாட்டி டெல்லிக்குப் போடற எழுத்தைப் போடுவாங்க, ஒண்ணும் வராது. சில ரெக்கார்டுல 880ல தமிழ் எழுத்துலயும் கொடுத்திருப்பாங்க, நிறையதுல இருக்காது. அதனால இழுத்த கையோட சேவ் கொடுக்காம 245, 100, 264 மூணையும் தமிழ்ல மாத்தி, ரோமன் தலைப்பை மாற்றுத் தலைப்புக்கான 246ல வச்சிரலாம், கிளாஸ் நம்பர், பக்கம், சப்ஜெக்ட் எல்லாம் அப்படியே கிடைச்சிருதுல்ல, அதுவே பெரிய லாபம். டியூயி நம்பர் (பொருள்வாரி கிளாஸ் நம்பர்) பாக்க ஓசிஎல்சிங்கற லைப்ரரி கூட்டமைப்போட கிளாசிஃபைன்னு ஒரு இலவச வசதி இருந்தது, ஐஎஸ்பிஎன் போட்டா நம்பர் சொல்லும், அதை 2024ல நிறுத்திட்டாங்க, பழைய ட்ரெயினிங் பிபிடியில இன்னும் அந்த லிங்க் இருக்கும், அழுத்தி அழுத்திப் பாத்து வருத்தப்படாதீங்க. தமிழ் நாவல் சிறுகதைக்கு 894.8113, கவிதைக்கு 894.8111, இந்த ரெண்டு நம்பரும் தெரிஞ்சா எங்க தமிழ் செக்‌ஷன்ல பெரும்பாலான அலமாரி முடிஞ்சது.

இப்ப நாங்க பண்றது என்னன்னா, பக்கத்துக் காலேஜ் லைப்ரரியன்மார் கொஞ்சம் பேரும் ரிட்டயர் ஆன ஒரு அண்ணாச்சியும் சேந்து சனிக்கிழமை மத்தியானம் ஒரு லைப்ரரியில கூடுதோம். சர்டிபிகேட் கிடையாது, டீயும் வடையும் உண்டு. ரூல் ஒண்ணுதான், வரவங்க எல்லாரும் தங்களால கேட்டலாக் பண்ண முடியாம ஓரமா வச்ச புஸ்தகம் ஒண்ணைக் கொண்டு வரணும். மேஜையில வச்சு எல்லாரும் பாத்து, 100 என்ன, 264 என்னன்னு சண்டை போட்டு, முடிவை ஒரு ஷேர்டு ஷீட்ல எழுதி வைக்கோம். முதல் காலம் முடிவான பேரு, அடுத்த காலத்துல மத்த பேரெல்லாம், கடைசியில ஏன் அப்படி முடிவு பண்ணோம்னு ஒரு வரி. நெல்லை எழுத்தாளர் பேருங்கதான் முதல்ல. இந்த ஷீட்ல இருந்து மார்க்எடிட்ங்கற சாஃப்ட்வேர் வழியா அதாரிட்டி ரெக்கார்டு உண்டாக்கி கோஹாவுல ஏத்திரலாம், ஸ்ரீ, ஔ பிரச்சினையெல்லாம் டேட்டா சுத்தம் பண்ற ஓபன்ரிஃபைன்ல போட்டா ஒரே மாதிரி தெரியற பேருங்களை அதுவே கிளஸ்டர் கிளஸ்டரா பிடிச்சுக் காட்டும், எல்லாத்தையும் பிடிக்காது, ஆனா கையால தேடறதுக்கு இது எவ்வளவோ தேவல.

போன தடவ ஒருத்தர் கொண்டு வந்தது பழைய வக்கீல் வீட்டுல இருந்து நன்கொடையா வந்த புஸ்தகம், அட்டை போயிருச்சு, தலைப்புப் பக்கம் இருக்கு, அதுல இங்கிலீஷ் வருஷம் இல்ல, "கொல்லம் 1100"ன்னு மட்டும். சென்னைப் பக்கத்து ஆளுங்களுக்கு இது பழக்கம் இருக்காது, நம்ம பக்கம் கொல்லம் ஆண்டு (மலையாள ஆண்டு) சாதாரணம். அண்ணாச்சி கண்ணாடியை ஏத்தி விட்டுட்டு பாத்தாவ. "தம்பி, கொல்லம் 1099லதான மலையாளத்துல பெரு வெள்ளம், அது 1924. அப்ப இது ஆவணியில இருந்து கணக்கு, 1924-25ன்னு போடு"ன்னாவ. 264ல இருக்கறபடி கொல்லம் 1100ன்னு எழுதி பக்கத்துல சதுர அடைப்புக்குள்ள 1924 அல்லது 1925. வெறும் "பிரபவ வருஷம்"னு இருந்தா இன்னும் சங்கடம், அது அறுபது வருஷத்துக்கு ஒருக்க வந்துட்டே இருக்கும், 1867லயும் வந்துச்சு, 1927லயும் வந்துச்சு, 1987லயும் வந்துச்சு, தாளையும் எழுத்தையும் சாற்றுகவியையும் பாத்துத்தான் எந்த பிரபவன்னு முடிவு பண்ணணும். இதுக்கு எந்த டூல்கிட்டும் உதவாது, அண்ணாச்சி மாதிரி ஆளுதான் வேணும், அவரு இருக்கும்போதே இதையெல்லாம் ஷீட்ல எழுதி வாங்கிரணும்னு ஒரு அவசரம் எனக்கு.

மார்க்குக்குப் பதிலா பிப்ஃப்ரேம்ங்கற புது வடிவம் வருது, மார்க் போகப் போகுதுன்னு 2012ல இருந்து சொல்லிட்டு இருக்காங்க. வரட்டும். பேரு ஒழுங்கா கட்டி வச்சிருந்தா அங்கயும் செல்லும், கட்டாம வச்சிருந்தா இந்தக் குப்பை அப்படியே லிங்க்டு டேட்டா குப்பையா போயி நிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்த சனிக்கிழமை 651, அதாவது புஸ்தகம் எந்த ஊரைப் பத்தினதுன்னு சொல்ற ஃபீல்டு. குற்றாலத்தைப் பத்தி அறுபதுகள்ல வந்த ஒரு புஸ்தகம், உள்ள முழுக்க திருநெல்வேலி ஜில்லான்னுதான் இருக்கு, தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019ல. ஒரு இடம் இப்ப எந்த எல்லைக்குள்ள இருக்கோ அதைப் போடறதுதான் வழக்கம்னு நான் சொல்லுதேன். அப்ப ஸ்ரீவைகுண்டம் புஸ்தகத்தையெல்லாம் தூத்துக்குடிக்குத் தூக்கிக் கொடுக்கணுமான்னு அண்ணாச்சி கேக்காவ, 1986லயே போயாச்சு அண்ணாச்சின்னா ஒத்துக்க மாட்டேங்காவ. தென்காசியில இருந்து வர தங்கச்சி என் பக்கம். வேற யாரும் வரதா இருந்தா புஸ்தகத்தோட வாங்க, கமென்ட்ல சொன்னா இடம் அனுப்புதேன்.